வாடகை சைக்கிளும் டேட்டாபேஸ் கனெக்‌ஷனும்

ஃபைனல் இயர் புராஜெக்ட்டை லேப்பில் ஒருத்தர் மட்டும் ஓட்டிப் பார்த்தால் ஜோராக ஓடும். ஐம்பது பேர் ஒரே சமயம் நுழைந்தால்? அங்கேதான் சங்கதி.

தட்கல் டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவைக்கு 11 மணி. ஜோலார்பேட்டைக்காரரும் டில்லிக்காரரும் ஒரே நிமிடத்தில் கதவைத் தட்டுகிறார்கள். 2014-ல் ரயில்வே புதிய இணைய முறையைக் கொண்டுவந்து, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறனை 7,200 ஆக்கியது. நம்ம புராஜெக்ட் சின்னது. சிக்கல் அதே ரகம்தான்.

ஒவ்வொரு முறையும் புதிய கனெக்‌ஷன் திறந்து, பாஸ்வேர்டு சரிபார்த்து, மூடுவது வீண் செலவு. அதனால் டாம்கேட் சர்வர் சில கனெக்‌ஷன்களைத் தயாராக வைத்திருக்கும். இதுதான் ‘பூல்’. வாடகை சைக்கிள் கடை மாதிரி: எடு, ஓட்டு, திருப்பி விடு.

டிரைவர் ஜார் ஃபைலை டாம்கேட்டின் ‘லிப்’ ஃபோல்டரில் போடுங்கள். பிறகு ‘காண்டெக்ஸ்ட்’ ஃபைலில் ‘ரிசோர்ஸ்’ எழுதும்போது மூன்றைக் கவனியுங்கள்.

1. மேக்ஸ் டோட்டல்: கடையில் மொத்தம் எத்தனை சைக்கிள். நாம் எதுவும் சொல்லாவிட்டால் 8. அதற்காக அள்ளிப் போடக்கூடாது. மைஎஸ்க்யூஎல் சாதாரணமாக 151 கனெக்‌ஷன்தான் ஏற்கும். இரண்டு சர்வருக்கும் தலா 100 கொடுத்தால் 200. கூட்டம் வரும் நாளில் கதவு சாத்தப்படும். தலா 60 என்றால் 120. மீதி 31 பேக்கப் போன்ற வேலைகளுக்கு.

2. மேக்ஸ் வெயிட் மில்லிஸ்: எவ்வளவு நேரம் காத்திருப்பது. சும்மா விட்டால் முடிவில்லாமல் காத்திருக்கும். 10,000 கொடுத்தால் 10 விநாடியில் ‘இல்லை’ என்று சொல்லிவிடும்.

3. டெஸ்ட் ஆன் பாரோ: கொடுக்கும் முன் காற்று இருக்கிறதா என்று பார்ப்பது. சும்மா கிடக்கும் கனெக்‌ஷனை மைஎஸ்க்யூஎல் 28,800 விநாடியில், அதாவது 8 மணி நேரத்தில், துண்டித்துவிடும். ராத்திரி யாரும் தொடாத சைட் காலையில் முதல் ஆளுக்கு எர்ரர் காட்டுவது இதனால்தான். இது ‘ட்ரூ’வாகவே இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எடுத்ததைத் திருப்பி விடுவது. ‘குளோஸ்’ எழுதாத ஒரே ஒரு பக்கம் போதும். எட்டுப் பேர் பார்த்ததும் கடை காலி. சர்வர் உயிரோடிருக்கும், பக்கம் மட்டும் வராது. ஜாவா 7-ல், 2011-ல் வந்த ‘ட்ரை வித் ரிசோர்சஸ்’ முறையில் எழுதினால் எர்ரர் வந்தாலும் கனெக்‌ஷன் தானாகத் திரும்பிவிடும்.

செய்து பாருங்கள்: மேக்ஸ் டோட்டலை 2 ஆக்கி, ‘செலக்ட் ஸ்லீப் 20’ ஓடும் பக்கத்தை மூன்று கம்ப்யூட்டரில் ஒன்றாகத் திறங்கள். மூன்றாவது ஆளுக்கு 10 விநாடியில் எர்ரர் வரும். வைவாவில் இதைக் கேட்டால் தயங்காமல் சொல்லலாம். நாளை வேலையில் ராத்திரி சர்வர் நின்றாலும் எங்கே பார்ப்பது என்று தெரியும்.