தண்ணீர்க் கஷ்டத்திலும் பூக்கும் கெய்லார்டியா

மூன்றாம் ஆண்டு மாணவர், சிவில் பிரிவு



பூந்தோட்டம் என்றாலே தண்ணீர் வசதி உள்ளவர்களுக்குத்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். தெருக்குழாயில் வரிசையில் நின்று பிடித்து, அம்மா இடுப்பில் சுமந்து வருகிற தண்ணீரைப் பூச்செடிக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்? நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரு செடிதான் கெய்லார்டியா.

செடியின் குணம்

இது சூரியகாந்தி, சாமந்தி குடும்பத்தைச் சேர்ந்த பருவச் செடி. விதைத்து, பூத்து, காய்ந்து ஒரே பருவத்தில் ஆயுள் முடிந்துவிடும். தாயகம் அமெரிக்காவின் தென்பகுதியும் வட மெக்சிகோவும். இரண்டடி உயரத்துக்குள் வளரும். சிவப்பு நடுவும் மஞ்சள் ஓரமுமாகப் பூக்கும். நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல சிறு பூக்களின் கூட்டம். இலையில் உள்ள மெல்லிய ரோமங்கள் ஈரம் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கின்றன. மகாராஷ்டிரத்தில் இதை உதிரிப் பூவாக விற்பதற்கே சாகுபடி செய்கிறார்கள்.

விதைப்பும் நடவும்

ஆனி, ஆடியில் விதைக்கலாம். கோடையில் பூ வேண்டுமானால் தை மாதம் விதைக்கலாம். ஐப்பசி அடைமழையில் நாற்று அழுகிவிடும். மணல், செம்மண், மக்கிய தொழு உரம் கலந்த தட்டில் விதையைத் தூவி, மேலே லேசாக மணல் போட்டால் போதும். ஆழமாகப் புதைக்கக் கூடாது. ஒன்று, இரண்டு வாரத்தில் முளைக்கும். நாலைந்து இலை வந்ததும், சாயங்கால நேரத்தில், ஓரடி இடைவெளியில் நடுங்கள். நாள் முழுக்க வெயில் படுகிற இடம் நல்லது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். பாத்தியை அரை அடி உயர்த்திவிடுங்கள். உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் செழிக்கும், பூ குறையும்.

தண்ணீர்க் கணக்கு

பத்தடி நீளம், மூன்றடி அகலப் பாத்தியில் 30 செடி வைக்கலாம். நட்ட முதல் இரண்டு வாரம் தினமும் கொஞ்சம் ஊற்றி வேர் பிடிக்க வைக்க வேண்டும். பிறகு வாரம் இரண்டு தடவை, செடிக்கு ஒரு லிட்டர் என்றால் 60 லிட்டர். அதாவது 15 லிட்டர் குடத்தில் நாலு குடம். அதையும் குழாயில் பிடிக்க வேண்டாம். அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் போதும். எங்க ஊரில் கழுநீர் மாட்டுக்குப் போய்விடும். ஹாஸ்டலில் மாடு ஏது? சாக்கடைக்குத்தான் போகிறது! உப்பு, எண்ணெய் கலந்த தண்ணீர் மட்டும் வேண்டாம். தூரைச் சுற்றிச் சருகு பரப்பினால் ஈரம் இன்னும் நிற்கும்.

எப்போது ஊற்றுவது? என் அப்பா பள்ளிக்கூடம் போனவரில்லை. விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பார்த்து, "இன்னைக்கு வேணாம், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். நாம் லேபில் 105 டிகிரி அவனில் 24 மணி நேரம் மண்ணைக் காயவைத்து ஈரப்பதம் கண்டுபிடிக்கிறோம். எண் வேண்டுமென்றால் அவன் வேண்டும். பாத்திக்கு விரல் போதும். இரண்டுமே படிப்புதான் என்பது எனக்கு இங்கே வந்த பிறகுதான் புரிந்தது.

பராமரிப்பு

விதைத்த இரண்டரை, மூன்று மாதத்தில் பூக்கும். வாடிய பூவை அவ்வப்போது கிள்ளிவிட்டால் புது மொட்டு வந்துகொண்டே இருக்கும். சிலருக்கு இந்தச் செடி பட்டால் தோல் அரிக்கும், கையைக் கழுவிவிடுங்கள். கடைசியில் நல்ல பூ பத்தைச் செடியிலேயே முற்றிக் காயவிட்டு, விதையை உதிர்த்துக் காகிதப் பொட்டலத்தில் வையுங்கள். அடுத்த வருஷம் காசு கொடுத்து விதை வாங்க வேண்டியதில்லை.

நண்பர்களே, ஒவ்வொரு ஆண்டு விழாவுக்கும் தொட்டிச் செடி வருகிறது. சித்திரை வெயிலில் கருகிவிடுகிறது. இந்த வருஷம் மெஸ் பின்னால் ஒரு பாத்தி போட்டுப் பார்ப்போமா? மண்வெட்டி பிடிக்க நான் தயார். ஜூனியர்களுக்கு நோட்ஸ் கொடுத்துவிட்டுப் போகிறோமே, கூடவே ஒரு பொட்டலம் விதையும் கொடுத்துவிட்டுப் போவோம்.