அச்சக மூலையில் இருக்கும் எக்ஸ்பி

அன்புள்ள தம்பிக்கு,

கும்பகோணத்து அச்சகத்தை இனி நீதான் நடத்தப்போகிறாய் என்றதும் மனசு நிறைந்தது. மூலையில் கிடக்கும் விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே. அங்கே அடித்த கும்பாபிஷேகப் பத்திரிகைகள், தல வரலாறுகள் எல்லாம் அதில் பேஜ்மேக்கர் கோப்புகளாக இருக்கின்றன. அந்த மென்பொருளின் 7ஆம் பதிப்பு 2001இல் வந்தது. எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றன. அந்தப் பழைய உலகத்தைப் புது கம்ப்யூட்டருக்குள் ஒரு மெய்நிகர் இயந்திரமாக, அதாவது மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டராக, ஓட்டு.

முதலில் புது கம்ப்யூட்டரின் பயாஸில் மெய்நிகராக்க வசதியான விடி-எக்ஸ் (ஏஎம்டி என்றால் எஸ்விஎம்) ஆனாகி இருக்கிறதா பார். 2007 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கும் கேவிஎம் என்ற மெய்நிகராக்கப் பகுதி அதை நம்பித்தான் ஓடுகிறது. உபுண்டுவில் க்யூஎமு, லிப்விர்ட், விர்ட்-மேனேஜர் மூன்றையும் நிறுவு. உன் பயனர் பெயரை லிப்விர்ட் குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வா. எக்ஸ்பிக்கு 1 ஜிபி ராம் போதும். சிப்செட் ஐ440எஃப்எக்ஸ், டிஸ்க் ஐடிஇ என்று வை; விர்ட்டியோ என்று வைத்தால், அதற்கான டிரைவர் இல்லாத எக்ஸ்பிக்கு டிஸ்க்கே கண்ணில் படாது. நெட்வொர்க் கார்டைக் கட்டாயம் நீக்கிவிடு. கோப்புகளை பென் டிரைவில் கொண்டுபோய்க் கொண்டுவா.

மெய்நிகர் இயந்திரத்தின் அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதே. பெரும்பாலும் அதுவும் மெய்நிகர் டிஸ்க்காக இருக்கும் அதே க்யூகவ்2 கோப்புக்குள்தான் இருக்கும். டிஸ்க் போனால் இரண்டும் போய்விடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை நீயும் அறிவாய். அப்படி ஒன்று வந்தால் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது; அதனால் மெய்நிகர் இயந்திரத்தை முறையாக ஷட்டவுன் செய்தபின் அந்தக் கோப்பை வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து, வேறொரு வீட்டில் வை.

எக்ஸ்பி ஓடத் தொடங்கியதும் அதிலேயே புது வேலைகளை எடுக்காதே. உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவரத்தான் இவ்வளவு பாடும். பழைய எழுத்துருக்களில் தமிழ் தெரிவது கண்ணுக்கு மட்டும்தான். கோப்பில் இருப்பவை வேறு குறியீடுகள். டாம், டாப் என்ற குறியீட்டு வகைகளை 1999இல் ஏற்ற தமிழக அரசே 2010இல் யூனிகோடுக்கு வந்துவிட்டது. என்எச்எம் கன்வெர்ட்டர், ஓப்பன்-தமிழ் இரண்டும் பழைய குறியீடுகளை யூனிகோடாக மாற்றித் தரும்.

மாற்றியதைப் படிக்காமல் விடாதே. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் ஒரே குறியீடுதான். அதனால் கௌரி என்பது ‘கெ’, ‘ள’, ‘ரி’ என்று மாறியிருக்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, தேடினால் அகப்படாது. அம்மன் பெயர்களில் இது நிறைய வரும்: சௌந்தரநாயகி, சௌந்தரவல்லி. கோயில் பெயர்களை நன்கு அறிந்த உன் பழைய கம்பாசிட்டரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வரிவரியாகப் புரூஃப் பார். தல வரலாறுகளில் ஆரம்பி. கல்யாணப் பத்திரிகைகள் காத்திருக்கட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்