கினிப் பன்றி வருவதற்கு முன்: எட்டாம் வகுப்பில் ஒரு செயல்திட்டம்

செல்லப் பிராணிகள் விற்கும் கடைகளில் முயல், லவ் பேர்ட்ஸ், வண்ண மீன்களோடு இப்போது கினிப் பன்றியையும் வைத்திருக்கிறார்கள். வால் இல்லை, எளிதில் கடிக்காது, கையில் எடுத்தால் அடங்கி உட்காரும். குழந்தைகளுக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போகிறது. கடந்த ஆண்டு பிப்ரவரியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "டீச்சர், முழு ஆண்டுப் பரீட்சை முடிஞ்சதும் எங்கப்பா ரெண்டு கினி பிக் வாங்கித் தரேன்னு சொல்லியிருக்காரு. கூண்டு கடையிலேயே குடுக்கறாங்க. வேற என்ன வாங்கணும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல், வகுப்பிடமே கொடுத்துவிட்டேன். மூன்று வாரம் நடந்த அந்தச் செயல்திட்டத்தை இங்கே பகிர்கிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். வகுப்பறைக்கு நாங்கள் எந்த விலங்கையும் கொண்டுவரவில்லை. கொண்டுவரவும் வேண்டாம் என்பதே என் கருத்து. சனி, ஞாயிறு, காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை எனப் பூட்டிக் கிடக்கும் பள்ளியில் அதற்கு யார் புல் போடுவது? செயல்திட்டம் முழுவதும் விலங்கு இல்லாமலேயே நடந்தது. வீட்டை முதலில் தயார் செய்வது, தயாரான வீட்டைச் சோதித்துப் பார்ப்பது, அதன் பிறகே வாங்கலாமா என்று முடிவெடுப்பது. இதுதான் வரிசை. வாங்கிய பிறகு தயார் செய்யலாம் என்று நினைத்தால், கடைக்காரர் கொடுக்கும் கூண்டுதான் வீடு, அவர் கொடுக்கும் பொட்டலம்தான் உணவு என்று ஆகிவிடும்.

எங்கிருந்து வந்தது?

பெயரில் கினியும் பன்றியும் இருந்தாலும் இந்த விலங்கு கினி நாட்டைச் சேர்ந்ததும் இல்லை, பன்றியும் இல்லை. எலி, அணில் போலக் கொறிக்கும் விலங்கு. முன்கால்களில் நான்கு விரல், பின்கால்களில் மூன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை இறைச்சிக்காக வீட்டு விலங்காக்கினார்கள். பெரு நாட்டில் 'கூய்' என்ற பெயரில் இன்றும் உண்கிறார்கள். இதைக் கேட்டதும் வகுப்பில் "ஐயோ" என்று ஒரு சத்தம். "நம்ம வீட்டு ஆட்டுக்குட்டியும் அழகாத்தானே இருக்கு?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டதும் அடங்கியது.

உலக வரைபடத்தில் பெரு, பொலிவியா, ஈக்வடார் ஆகிய நாடுகளை மாணவர்கள் குறித்தார்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: குளிர்ந்த மலைப்பகுதியில், புல்வெளியில், கூட்டமாக, பருந்துக்கும் நரிக்கும் பயந்து ஒளிந்து வாழ்ந்த விலங்கின் வழிவந்ததற்கு நம் வீட்டில் என்னவெல்லாம் வேண்டும்? புல், துணை, ஒளியும் இடம், குளிர்ச்சி என நான்கையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். மூன்று வாரமும் இந்த நான்கைச் சுற்றியே நடந்தது.

இந்த இடத்தில் பச்சைக்கிளி பேச்சும் வந்தது. நம் மாணவர்கள் சிலரின் வீடுகளில் கிளி, மைனா, நட்சத்திர ஆமை இருப்பது நமக்குத் தெரியும். இவை காட்டுயிர்கள், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்திருப்பது குற்றம். கினிப் பன்றி காட்டிலிருந்து பிடித்து வந்ததல்ல, வீட்டு விலங்கு. இந்த வேறுபாட்டை யாரையும் குற்றம் சாட்டாமல் எடுத்துச் சொல்ல இது நல்ல வாய்ப்பு.

சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கூண்டு

கடைக் கூண்டின் அளவை அந்த மாணவி அப்பாவுடன் போய் அளந்து வந்தாள். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம். அதாவது 1.5 சதுர அடி. இரண்டு கினிப் பன்றிகளுக்குக் குறைந்தது 7.5 சதுர அடித் தரைப்பரப்பு வேண்டும் என்பது விலங்குநல அமைப்புகள் பரிந்துரைக்கும் அளவு. 10 சதுர அடிக்கு மேல் இருந்தால் நல்லது. இரண்டு அளவையும் வகுப்பறைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்தோம். கரும்பலகையில் எண்ணாக இருந்தபோது எழாத கேள்விகள் தரையில் வரைந்ததும் எழுந்தன.

7.5 சதுர அடியை 3 அடிக்கு 2.5 அடி என்றும் வரையலாம், 7.5 அடிக்கு 1 அடி என்றும் வரையலாம். பரப்பு ஒன்று, சுற்றளவோ முதலாவதற்கு 11 அடி, இரண்டாவதற்கு 17 அடி. வலைக்கம்பி எதற்கு அதிகம் வாங்க வேண்டும்? இரண்டு விலங்குகள் எதிரெதிரே வந்தால் எதில் விலகிப் போக முடியும்? பரப்பளவுக்கும் சுற்றளவுக்கும் உள்ள தொடர்பை இதைவிட எளிதாக நான் நடத்தியதில்லை. மாடி வைத்துக் கட்டினால் இடம் இரண்டு மடங்காகாதா என்று கேட்டார்கள். கினிப் பன்றி ஏறவும் குதிக்கவும் ஏற்ற விலங்கல்ல. அதற்கு ஓடத் தரைதான் வேண்டும். வெள்ளெலிக்கு வைக்கும் சுழல் சக்கரமும் கூடாது, முதுகெலும்பைப் பாதிக்கும். கம்பி வலையால் ஆன தரை பாதத்தைப் புண்ணாக்கும். பைன் மரச்சீவலின் நெடி மூச்சுக்குழலுக்கு ஆகாது. செய்தித்தாளை அடுக்கி, மேலே நீரை உறிஞ்சும் பழைய கனத்த துணியை விரித்து, அடிக்கடி மாற்றினால் போதும்.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, விலங்கு போதுமான அளவு அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதைக் கொடுமை என்று சொல்கிறது. உயிர்களிடம் இரக்கம் காட்டுவது அடிப்படைக் கடமை என்று அரசியலமைப்பின் 51அ பிரிவு கூறுவதை நாம் மனப்பாடமாக நடத்துகிறோம். அன்று சமூக அறிவியல் ஆசிரியர் வந்து அந்தப் பாடத்தைச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்று நடத்தினார்.

கூண்டு விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. காலுடைந்த பழைய மேசையைக் கவிழ்த்து, நான்கு கால்களையும் சுற்றி வலை அடிக்கலாம் என்று ஒரு குழு வரைந்து காட்டியது. கினிப் பன்றி தாண்டாது என்பதால் ஓரடி உயரச் சுவர் போதும் என்று வெளிநாட்டு நூல்களில் இருக்கும். நம் வீடுகளில் பூனை, பெருச்சாளி, பாம்பு வரும். மேலே மூடி கட்டாயம். எறும்புக்கு நம் பாட்டிமார் வழிதான்: கூண்டின் கால்களை நீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துவது. ஒளிய இடமாக உடைந்த மண்பானையைப் படுக்க வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் வேண்டும். இருபுறமும் வழி இருந்தால் ஒன்று மற்றதை மடக்கிப் போடாது.

மின்விசிறி யாருக்குக் காற்று வீசுகிறது?

செயல்திட்டத்தின் கனமான பகுதி இது. கினிப் பன்றிக்கு ஏற்ற வெப்பநிலை 18 முதல் 23 டிகிரி செல்சியஸ். 30 டிகிரியை நெருங்கினாலே வெப்பத்தாக்கு ஏற்படலாம். எங்களுடையது வேலூர் மாவட்டம். 'வெயிலூர்' என்று கேலி பேசும் ஊரில் மே மாதம் 40 டிகிரி ஒன்றும் புதிதல்ல.

"ஃபேன் போட்டுடலாம் டீச்சர்" என்றார்கள். ஆய்வக வெப்பநிலைமானியைச் சுழலும் மின்விசிறிக்கு நேரே தொங்கவிட்டோம். போடும் முன் 33 டிகிரி. பத்து நிமிடம் கழித்தும் 33 டிகிரி. வகுப்பே நம்பவில்லை, ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். பிறகு குமிழில் ஈரப் பஞ்சைச் சுற்றிவிட்டு அதே மின்விசிறியைப் போட்டோம். சில நிமிடங்களில் 5 டிகிரிக்கு மேல் இறங்கியது. மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. நம் தோலில் உள்ள வியர்வையை விரைவாக ஆவியாக்குகிறது, அதனால் நமக்குக் குளிர்கிறது. கினிப் பன்றிக்கு வியர்க்காது. நமக்குச் சுகமான அதே மின்விசிறியின் கீழ் அது சூட்டில் தவிக்கும். ஆவியாதலால் குளிர்ச்சி ஏற்படும் என்ற வரியை ஒப்பிப்பதற்கும், அந்த வரியால் ஓர் உயிர் பிழைக்குமா என்று யோசிப்பதற்கும் உள்ள தூரத்தை அன்று மாணவர்களின் முகத்தில் பார்த்தேன்.

அடுத்த பத்து நாள்கள், பகல் 2 மணிக்கு வீட்டு வெப்பநிலையைப் பதிவு செய்தல். பள்ளியிலிருந்த நான்கு வெப்பநிலைமானிகள் முறை வைத்து வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் வீடுகளுக்குப் போய்வந்தன. ஆசிரியர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். சிமென்ட் ஷீட் கூரையின் கீழ் வாழும் பிள்ளைகளின் வீட்டுச் சூட்டைப் பெயர் சொல்லி வகுப்பில் படிக்கக் கூடாது. பெயர் இல்லாத சீட்டில் கூரை வகையையும் வெப்பநிலையையும் மட்டும் எழுதி வாங்கினேன். ஷீட் கூரை வீடுகளில் 39 வரை போயிருந்தது. மண்சுவரும் நாட்டு ஓடும் உள்ள வீட்டில் 32. தளம் போட்ட வீடுகள் இடையில். அதுவும் மார்ச் தொடக்கத்தில்.

ஈரத்துணியைத் தொங்கவிடலாம், துணி சுற்றிய பனிக்கட்டிப் பாட்டிலைக் கூண்டில் வைக்கலாம், கூண்டைத் தரையோரம் நிழலில் வைக்கலாம். இவை சில டிகிரி குறைக்கும். ஆனால் 39ஐ 25 ஆக்காது. "அப்போ ஏசி இருக்கற வீட்லதான் வளர்க்கணுமா டீச்சர்?" என்று கேட்டாள் அந்த மாணவி. எங்கள் மாவட்டக் கோடைக்கு ஏறத்தாழ ஆம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. உதகை, கொடைக்கானல், ஏற்காடு பகுதி ஆசிரியர்கள் இதே பதிவைச் செய்தால் விடை வேறாக வரும். கடலோர ஊர்களில் ஈரப்பதம் அதிகம் என்பதால் ஈரத்துணி எங்கள் ஊரளவுக்கு உதவாது. அந்த ஒப்பீடும் நல்ல பாடம்.

புல், குடைமிளகாய், கணக்கு

கினிப் பன்றியின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். உலர்ந்த புல்லை இடைவிடாமல் மெல்வதால்தான் அவை தேயும். உணவில் பெரும்பகுதி புல்லாகவே இருக்க வேண்டும். அருகம்புல்லை மருந்தடிக்காத இடத்தில் அறுத்து, நிழலில் உலர்த்தி, பூஞ்சை பிடிக்காமல் கட்டி வைக்கலாம். வைக்கோலில் சத்து குறைவு, படுக்கைக்குச் சரி. குதிரை மசாலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வளர்ந்த விலங்குக்கு நாள்தோறும் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் உண்டாகலாம். சோறு, ரொட்டி, பால், வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கூடவே கூடாது.

குறைபாட்டு நோய்கள் பாடத்தோடு இணைக்க ஒரு வரலாறு உண்டு. 1907இல் நார்வே நாட்டு ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் இருவரும் மாலுமிகளுக்கு வரும் நோயை ஆராயக் கினிப் பன்றிகளுக்கு வெறும் தானிய உணவைக் கொடுத்தார்கள். அவற்றுக்கு ஸ்கர்வி வந்தது. பெரும்பாலான விலங்குகள் வைட்டமின் சியைத் தம் உடலிலேயே உருவாக்கிக்கொள்ளும். மனிதனைப் போலக் கினிப் பன்றியாலும் அது முடியாது. அந்த ஒற்றுமைதான் வைட்டமின் சி கண்டறியப்பட வழி திறந்தது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். 100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் இருக்கிறது. 20 மில்லிகிராமுக்கு எத்தனை கிராம்? இரண்டு விலங்குக்கு மாதம் எவ்வளவு? ஒன்றரைக் கிலோ. சந்தை விலையை அவர்களே விசாரித்துப் பெருக்கினார்கள். கொத்தமல்லித் தழையும் சிறு துண்டு கொய்யாவும் சேர்த்துச் செலவைக் குறைத்தார்கள். மாத்திரையைக் குடிநீரில் கரைத்து வைப்பது பயன்படாது. வைட்டமின் விரைவில் சிதைந்துவிடும்.

துணையைப் பற்றிச் சுருக்கமாக: ஒன்றை மட்டும் வளர்க்கக் கூடாது. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் அதற்குச் சட்டமே இருக்கிறது. ஆனால் கடையில் 'ஜோடி' என்று கொடுப்பதை வாங்கினால், சுமார் 68 நாள்களில் குட்டிகள். ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மீண்டும் கருவுற முடியும். மூன்று வாரமான ஆண் குட்டிகளும் இனப்பெருக்கத்துக்குத் தயார். ஓராண்டுக்கான கிளைப்படம் வரைந்த குழுவுக்குத் தாள் போதவில்லை. இரண்டும் பெண்ணாக இருப்பது நல்லது. அதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்ய வேண்டும். ஆடு மாடு பார்க்கும் மருத்துவமனையில் இந்தச் சிறு விலங்கையும் பார்ப்பார்களா என்று முன்பே கேட்டுவைப்பதும் தயாரிப்பில் அடங்கும். ஒரு நாள் தின்னாமல் கிடந்தாலே உயிருக்கு ஆபத்து. நமக்கு எழுதித்தரும் அமாக்ஸிசிலினை வீட்டிலேயே கொடுத்தால் அது குடல் நுண்ணுயிரிகளைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

மூன்றாம் வார முடிவில், எட்டுப் பக்கத் தயாரிப்பு அறிக்கையோடு மாணவியின் அம்மாவை அழைத்திருந்தோம். ஐந்து முதல் எட்டு ஆண்டு ஆயுள் என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தினார். "இவ பன்னெண்டாவது முடிச்சுக் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போயிடுவா. புல்லு போடப் போறது நான்தான். என்னைய யாரும் கேக்கவே இல்லையே டீச்சர்?" என்றார். மாணவர்கள் அறிக்கையில் 'குடும்பத்தில் யார் யாரிடம் கேட்டீர்கள்?' என்று ஒன்பதாவது பக்கம் சேர்த்தார்கள்.

அந்த வீட்டில் கினிப் பன்றி வாங்கவில்லை. தீபாவளிக்குப் பிறகு வெயில் தணிந்ததும் வாங்கலாமே என்று அப்பா சொன்னாராம். "அடுத்த மே மாசம் வருமேப்பா" என்று சொல்லிவிட்டதாக அவளே வகுப்பில் சொன்னாள்.

இதை நடத்த விரும்புவோர் ஜனவரி இறுதியிலேயே தொடங்கினால் தேர்வுக்கு முன் முடிக்கலாம். வெப்பநிலைமானி, அளவுநாடா, சுண்ணாம்புக்கட்டி, பஞ்சு ஆகியவை போதும். இந்த ஆண்டு ஏழாம் வகுப்பு மாணவர்கள் முயலுக்கு இதே அட்டவணையைப் போட்டிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் அம்மாவின் கையொப்பத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.