பாடத்துக்குப் பக்கத்தில் அரட்டை: எங்கே வைப்பது?

சிஎஸ்எஸ்ஸில் ஒரு பெட்டியைத் திரையின் நட்டநடுவில் நிறுத்துவது எப்படி என்று தேடிக்கொண்டு ஒரு மாணவர் உங்கள் தளத்துக்கு வருகிறார். கையில் இருப்பது போன், வேலையை ஒப்படைக்க வேண்டியது நாளைக் காலை. கண்ணில் முதலில் படுவதோ, நீங்கள் புதிதாக வாங்கிய கீபோர்டு என்னமாய்ச் சத்தம் போடுகிறது என்று நாலு பத்தி. இரண்டு முறை தள்ளிப் பார்ப்பார். மூன்றாம் முறை வந்த வழியே போய்விடுவார்.

அதற்காகக் கீபோர்டு கதையை எழுதாமல் விடவும் வேண்டாம். பாடம் மட்டுமே இருக்கிற தளத்தில் விடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர், எழுதியது யார் என்றுகூடப் பார்ப்பதில்லை. இரண்டாம் முறை வருகிறவர் பெரும்பாலும் உங்கள் பேச்சைக் கேட்கத்தான் வருகிறார். எனவே பேச்சுக்கு ஓர் இடம் வேண்டும். எந்த இடம் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறோம்.

நான் இதைத் தேதியை வைத்து முடிவு செய்கிறேன். பாடம் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பத்திகளை அடுத்தடுத்து நிறுத்த 2012-இல் ஃபுளோட் சொல்லிக்கொடுத்தவர், 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் கிரிட் வந்த பிறகு அதே பக்கத்தை மாற்றி எழுதியிருக்க வேண்டும். அரட்டையை அப்படி மாற்றி எழுதினால் அது பொய்க்கணக்கு. அன்றைக்கு நினைத்தது அன்றைய தேதியோடு அப்படியே கிடக்கட்டும். இரண்டையும் ஒரே வரிசையில் கோத்தால், நேற்று திருத்திய பழைய பாடம் அடியில் புதைந்துகிடக்கும். போன வாரக் கீபோர்டு முகப்பில் உட்கார்ந்திருக்கும்.

ஆனால் ஒரே வரிசைதான் எல்லாவற்றிலும் சுலபம். வேர்ட்பிரஸில் 'பொது' என்று ஒரு பிரிவைச் சேர்த்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு மாதம் கழித்து வந்த ஒற்றை வரிக் கடிதம்: "அண்ணா, பாடம் எப்ப வரும்?" செய்தியோடையில் பாடத்துக்காகக் காத்திருந்தவருக்கு வரிசையாக ஆறு அரட்டை போயிருந்தது.

இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது, தளத்தின் பெயர் அதேதான், உள்ளே தனி உறை (ஃபோல்டர்), தனி வார்ப்புரு, தனி செய்தியோடை. வேர்ட்பிரஸ் என்றால் 2010-இல் வெளியான 3.0 பதிப்பிலிருந்தே தனி இடுகை வகையை உருவாக்கிக்கொள்ள வசதி இருக்கிறது. அதன் பதிவுகள் தாமாக முகப்பு ஓடைக்குள் வந்து கலப்பதில்லை. நிலைத்தளக் கருவியான ஹியூகோவில் இதற்கு நேர்மாறு. உறைக்கு ஓர் ஓடையை அதுவே தந்துவிடும். ஆனால் முகப்பு ஓடையில் எல்லாவற்றையும் கொட்டும். அங்கே வடிகட்டுவது நம் பொறுப்பு.

பாடத்தளம் ஹியூகோ, ஜெக்கில் போன்ற நிலைத்தள வகை என்றால், அரட்டையும் அதிலேயே இருக்கட்டும் என்று கை பரபரக்கும். வலை வடிவமைப்பு இதழான ஸ்மாஷிங் மேகசின்கூட 2017-இல் வேர்ட்பிரஸை விட்டு ஹியூகோவுக்கு மாறியது, உண்மைதான். அவர்களிடம் ஒரு குழு இருந்தது. நாம் பாடத்தை மேசையில் உட்கார்ந்து, நிரலை ஓட்டிப் பார்த்து எழுதுகிறோம். அரட்டையைப் பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதுகிறோம். கோப்பின் தலையில் ஒரு மேற்கோள் குறி விட்டுப்போனால் தளம் உருவாகாமல் நின்றுவிடும். இரவு பதினொரு மணிக்கு போன் திரையில் அந்தக் குறியைத் தேடியவருக்குத்தான் வலி தெரியும். போனில் எழுதும் பழக்கமுள்ளவர் துணைப்பெயர் (சப்டொமைன்) ஒன்றை எடுத்து, அங்கே மட்டும் வேர்ட்பிரஸ் போட்டுக்கொள்ளலாம். தேடலில் அடிபடுமோ என்ற பயம் வேண்டாம். உறையோ துணைப்பெயரோ, இரண்டும் சரிதான் என்றே கூகுள் தரப்பு சொல்லிவருகிறது. செலவு வேறு இடத்தில். புதுப்பிக்கவும் காப்புப் பிரதி எடுக்கவும் இனி இரண்டு தளங்கள்.

வெளியில் போய் எழுதுவதும் ஒரு வழி. பிளாகர் 1999-இல் தொடங்கி, 2003-இல் கூகுள் கைக்கு வந்தது. தமிழில் வலைப்பதிவு பெருகியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. இன்றும் காசில்லை, சொந்தப் பெயரையும் இணைத்துக்கொள்ளலாம். இணைக்காமல் மட்டும் இறங்க வேண்டாம். 2009-இல் யாஹூ ஜியோசிட்டிஸை மூடியபோதும், 2019-இல் கூகுள் பிளஸ் போனபோதும் எழுத்தைப் பிரதி எடுத்துவைத்தவர்கள்கூடப் பழைய சுட்டிகளைக் காப்பாற்ற முடியவில்லை. முகவரி அவர்களுடையதாக இருந்ததில்லையே.

முகவரி என்றதும் ஒன்று. பாடத்தின் முகவரியில் ஆண்டைப் போடாதீர்கள். திருத்திய பக்கத்தின் நெற்றியில் 2012 என்று இருந்தால் யார் நம்புவார்கள்? அரட்டைக்குத் தாராளமாகப் போடலாம். உறையின் பெயரைத் தமிழில் வைக்க எனக்கும் ஆசைதான். உலாவியின் பட்டையில் அழகாகத்தான் தெரியும். பிரதியெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டும்போதுதான் குட்டு வெளிப்படும். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு பதினறும இலக்கங்களுமாக விரியும். 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, கணினிக்குப் புள்ளியும் கொக்கியும் சேர்த்து ஐந்து குறிகள். ஒட்டினால் 45 எழுத்து நீளத்துக்கு ஒரு சதவீதக் காடு. என் நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, வைரஸ் சுட்டி என்று நினைத்து என்னையே எச்சரித்தார். அன்றைக்கே உறையின் பெயரை ரோமன் எழுத்தில் மாற்றி, பழைய முகவரியிலிருந்து 301 திருப்பமும் போட்டுவைத்தேன்.