சந்தோஷப்பட்டதற்குக் கூசாதே

திருவையாறு,
21-6-2020

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நானும் பெரியம்மாவும் இங்கே நலம். நீங்கள் நால்வரும் அங்கே நலமாயிருக்க ஐயாறப்பனை வேண்டிக்கொள்கிறேன். கொரோனாவால் 19-ஆம் தேதியிலிருந்து சென்னைக்கும் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கும் மறுபடி முழு ஊரடங்கு போட்டுவிட்டார்கள். இன்று ஞாயிறு வேறு, மளிகைக் கடைகூடத் திறக்காது. தபால் எப்போது வந்து சேருமோ தெரியாது என்பதால் எதிர்வீட்டுப் பையனிடம் சொல்லி இதைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். நிதானமாகப் படி.

போன வாரம் பேசும்போது நீ சொன்னது மனதிலேயே கிடக்கிறது. “இந்த மூணு மாசமும் எனக்கு நல்லாத்தான் இருக்கு பெரியப்பா. ஆனா வெளியில சொல்லவே குத்தமா இருக்கு” என்றாய். மே மாதம் அவுரங்காபாத் பக்கத்தில், சொந்த ஊருக்கு நடந்துபோன தொழிலாளிகள் தண்டவாளத்திலேயே அசந்து தூங்கி, சரக்கு ரயில் ஏறி 16 பேர் இறந்துபோனார்களே, அந்தச் செய்தி வந்த நேரத்தில் நீ மாடியில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாயாம். அன்றிலிருந்து அந்தச் செடியைப் பார்த்தாலே என்னவோபோல் இருக்கிறது என்றாய். இது போனில் பேசித் தீர்க்கிற விஷயமில்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அம்மா, நீ சந்தோஷப்பட்டதற்குக் கூசாதே. உன் மனம் அந்தச் செய்திக்குத் துடித்தது நியாயம். ஆனால் கிடைத்த நல்லதை நீ உதறிவிட்டால் அந்தப் பதினாறு பேர் வீட்டில் அடுப்பு எரிந்துவிடுமா? எரியாது. உனக்குக் கிடைத்த நல்லது யார் உழைப்பில் நிற்கிறது என்று பார்ப்பதும், அதில் அவர்களுக்கு உரியதைக் கொடுப்பதும்தான் உன்னால் முடிகிற காரியம். கூச்சத்தால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

உன் அப்பா பாடுகிறான் என்றாயே, அதைக் கேட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் இருபத்தாறு வயதில்தான் அப்பாவுக்குப் பாட வரும் என்று உனக்குத் தெரிந்தது என்றாய். தெரியாமல் போனதில் ஆச்சரியம் என்ன? நீ காலையில் ஆறரைக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தால் இரவு எட்டரைக்குத் திரும்புவாய். அவன் கடையைக் கட்டிவிட்டு வரப் பத்தரை ஆகும். ஒரே வீட்டில் இருந்தும் ஞாயிற்றுக்கிழமைதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தீர்கள். அவன் யாரிடமும் போய்ப் பாட்டுக் கற்றவன் இல்லை. தை மாதம் ஆற்றங்கரையில் தியாகராஜர் ஆராதனை நடக்கும்போது பந்தல் ஓரத்தில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பஞ்சரத்தினக் கீர்த்தனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் நிற்பான். ராத்திரி திண்ணையில் படுத்துக்கொண்டு கேட்டதை அப்படியே முனகுவான். உங்கள் பாட்டி உள்ளிருந்து “இன்னொரு தரம் பாடுடா” என்பாள். சென்னைக்கு வேலைக்குப் போன பிறகு அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. இப்போது கடை மூடிக் கிடப்பதால், பாதிச் சம்பளத்தில், சாயந்தரம் மாடியில் உட்கார்ந்து பாடுகிறான். பாதிச் சம்பளத்தை நல்லது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். பாட்டு நல்லது. அவன் பாடும்போது பக்கத்தில் போய் உட்கார். போனில் பதிவு செய்து, தேதி போட்டு வை. கடை திறந்த பிறகும் வாரத்தில் ஒரு சாயந்தரத்தையாவது அவனுக்கென்று ஒதுக்கு.

அடுத்து உன் அம்மா. இதை நீ என்னிடம் சொல்லவில்லை, நானாகக் கேட்கிறேன். வேளாவேளைக்குச் சூடாகச் சாப்பிடுகிறேன், உடம்பு தேறிவிட்டது என்றாயே, அந்தச் சாப்பாட்டை யார் செய்கிறார்கள்? முன்பெல்லாம் நீங்கள் மூவரும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டால், பதினோரு மணியிலிருந்து சாயந்தரம் வரைக்கும் அந்த வீடு அவளுக்குச் சொந்தம். காலை நீட்டிப் படுப்பாள், எங்களோடு போனில் பேசுவாள், பக்கத்து வீட்டம்மாவோடு கோயிலுக்குப் போவாள். இப்போது பத்தரைக்கு உனக்கு டீ, பன்னிரண்டுக்கு உன் அப்பாவுக்குக் கபசுரக் குடிநீர், ஒரு மணிக்கு எல்லோருக்கும் சாப்பாடு, நாலு மணிக்குச் சின்னவனுக்கு ஏதாவது பலகாரம். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அம்மாவும் மார்ச்சோடு நின்றுவிட்டதால் பாத்திரமும் உன் அம்மா தலையில். நீ மீட்டிங்கில் இருக்கிறாய் என்று மிக்ஸியை ஓட்டாமல் அம்மியில் அரைக்கிறாளாம், பெரியம்மாவிடம் அதைப் பெருமையாகவே சொன்னாள். எனக்குப் பெருமையாக இல்லை.

ஊரடங்கில் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன என்று பேப்பரிலும் டிவியிலும் வருகிறது. சேர்ந்தது உண்மைதான். எல்லா வீட்டிலும் அந்தச் சேர்க்கையைச் சுமப்பவள் ஒருத்திதான். நாளையிலிருந்து இரவுச் சமையல் உன்னுடையது, பாத்திரம் சின்னவனுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் வேண்டாம் என்பாள், கேட்காமல் செய்யுங்கள். வெந்தயக்குழம்பு பழகினேன் என்றாயே, அந்தக் கையால் அவளுக்குப் பரிமாறிப் பார்.

வேலைக்கு வந்த அம்மாவுக்கு மார்ச்சுக்குப் பிறகு சம்பளம் கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால் இந்த வாரமே மூன்று மாதத்துக்கும் சேர்த்துக் கொடுத்துவிடு. உனக்கு ஓட்டல், தியேட்டர், துணிமணி என்று போன காசு இப்போது மிஞ்சுகிறதல்லவா? அதில் ஒரு பங்கு அவர்களுடையது. பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை, போனில் பாடம் நடத்தப்போகிறார்கள் என்கிறார்கள். அவர் பிள்ளைகளுக்குப் போன் இருக்கிறதா என்றும் கேள். உன்னுடைய பழைய போன் மேசை டிராயரில் சும்மாதானே கிடக்கும்.

இங்கே ஊர்ச் சமாசாரம்: எட்டு வருஷத்துக்குப் பிறகு இந்த வருஷம்தான் ஜூன் 12-ஆம் தேதியே மேட்டூர் அணையைத் திறந்தார்கள். அதற்கும் ஊரடங்குக்கும் சம்பந்தமில்லை. போன வருஷம் மழை நன்றாகப் பெய்தது, அணையில் நூறடிக்கு மேல் தண்ணீர் நின்றது. ஆனால் தண்ணீர் வரும் நேரத்துக்கு ஊர்ப் பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள், அது ஊரடங்கால் வந்தது. கீழத்தெருவில் ஒரு பையன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவன், வேலை நின்று வந்துவிட்டான். பம்புசெட்டுத் தண்ணீரில் விட்டிருந்த ஆடுதுறை 43 நாற்று பறிப்புக்கு வந்திருக்கிறது. முதல் நாள் அவன் கட்டிய நாற்று முடியெல்லாம் வயலில் வீசும்போதே அவிழ்ந்து சிதறியது. அவன் பாட்டி நாற்றங்காலில் இறங்கி, பிடி நாற்றை வேர்ச்சேறு போக அலசி, உள்ளங்கையில் தட்டி வேரைச் சமப்படுத்தி, நாரால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் காட்டினாள். இப்போது அவன் முடி அவிழ்வதில்லை. திருப்பூரில் கூப்பிட்டதும் போய்விடுவான், போகத்தான் வேண்டும், அவனுக்குக் கடன் இருக்கிறது. ஆனாலும் பாட்டியின் கைவேலை அவனிடம் வந்து சேர்ந்துவிட்டது.

வைகாசியில் பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம். ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்பதால் வீட்டு வாசலில் பந்தல் போட்டு முடித்தார்கள். மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் நிலத்தை அடகு வைக்க இருந்தார் பெண்ணின் அப்பா. வைக்கவில்லை. அந்த நிலத்தில் இப்போது நடவு நடக்கிறது. இந்த மூன்று மாதத்தில் நான் கண்ட நல்லதுகளில் பெரியது இதுதான் என்பேன். ஆனால் ஒரு முகூர்த்தக் காலம் முழுக்கப் போனதில் நாதஸ்வரக்காரர்களும் தவில்காரர்களும் சமையல்காரர்களும் அடுப்பெரிக்க வழியில்லாமல் நிற்கிறார்கள். உன் கல்யாணப் பேச்சு வரும்போது கூட்டத்தைக் குறை, மேடை அலங்காரத்தை விடு. மேளக்காரர் கூலியில் மட்டும் கை வைக்கவே வைக்காதே.

டாஸ்மாக் மூடியிருந்த நாற்பத்துச் சொச்சம் நாளும் எங்கள் தெருவில் ராத்திரிச் சண்டை கேட்கவில்லை. அதை இங்குள்ள பெண்கள் மறக்கமாட்டார்கள்.

எல்லாவற்றையும் நல்லது என்று சொல்ல நான் வரவில்லை, பாப்பா. என்னோடு முப்பது வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த சிநேகிதர் மே மாதம் காலமானார். வேறு மாவட்டம். இ-பாஸ் வேண்டும், சாவுக்கு இருபது பேருக்கு மேல் கூடாது. போகமுடியவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் போனில் காட்டினார்கள், பார்த்தேன். அந்தக் குறை எனக்குத் தீரப்போவதில்லை. பாட்டும் நடவும் கண்ணில் படும்போது இதுவும் கூடவே இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீயும் அப்படி இருக்கலாம்.

இன்னும் ஒன்று. ஆபீஸ் வீட்டுக்கு வந்துவிட்டதால் அதற்குக் கதவே இல்லாமல் போய்விட்டது. பஸ்ஸில் போன நாலு மணி நேரம் மிச்சம் என்றாய், அதில் மூன்றைக் கம்பெனி எடுத்துக்கொள்வதாக உன் அம்மா சொல்கிறாள். ஏழு மணிக்கு லேப்டாப்பை மூடு. மிச்சமான நேரம் உன்னுடையது.

அப்பாவைப் பிரஷர் மாத்திரையை விடாமல் போடச் சொல். தக்காளி காய்த்தால் முதல் பறிப்பை வேலைக்கார அம்மாவுக்குக் கொடுத்தனுப்பு. பஸ்ஸும் ரயிலும் ஓட ஆரம்பித்ததும் நால்வரும் கிளம்பி வாருங்கள். தை ஆராதனைக்குள் எப்படியும் வந்துவிட வேண்டும், உன் அப்பாவை ஆற்றங்கரையில் உட்கார்த்திப் பாடச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
பெரியப்பா