கணப்புச் செலவும் சர்க்கார் சகாயமும்

பிரிட்டனில் நவம்பர் பிறந்து, மாலைப் பொழுதிலேயே இருள் கவிந்து, வீட்டைச் சூடேற்றும் செலவு நாளுக்கு நாள் ஏறத் தொடங்கும் காலத்தில், மாற்றுத்திறனாளிகளைக் குறித்து, "அவர்களுக்கென்ன, ஹீட்டிங் செலவைச் சர்க்கார் கொடுத்துவிடும்" என்னும் பேச்சு சாதாரணமாக எழுகிறது. துவேஷமின்றிச் சொல்லப்படுவதுதான்; ஆயினும் உண்மை நிலையை அறிந்தவர் இதை மனம் நோகாமல் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அந்நாட்டில் குளிர்காலச் சகாயம் பெரும்பாலும் வயதையோ வறுமையையோ பார்த்துத் தரப்படுவது; ஊனம் ஒன்றையே காரணமாகக் கொண்டு கிடைப்பது அபூர்வம்.

எல்லோரும் அறிந்த விண்டர் ஃபியூவல் பேமென்டை எடுத்துக்கொள்வோம். 1997இல் ஏற்பட்ட இத்தொகை ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்கு உரியது. 2024இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது வறிய முதியோருக்கு மட்டும் என்று குறுக்கப்பட்டது. மறு ஆண்டே மீண்டும் விரிக்கப்பட்டு, ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்கு மேற்பட்டவர்களிடம் வரிவழியே திரும்பப் பெறுவது என்று முடிவாயிற்று. இவ்விரு மாற்றங்களிலும் வயதெல்லை அசையவில்லை. நாற்பது வயதில் படுக்கையோடு கிடப்பவருக்கு இதில் ஒரு பென்னியும் இல்லை.

குளிர் எல்லோருக்கும் பொதுதானே என்று கேட்பவர்களும் உண்டு. நடமாடும் தேகம் தனக்கு வேண்டிய உஷ்ணத்தின் ஒரு பகுதியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பகல் முழுவதும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கோ, காயத்துக்குக் கீழே நடுங்கிச் சூடு தேடிக்கொள்ளும் சக்தியே போய்விடக்கூடும். வேலைக்குப் போகிறவர் காலையில் ஹீட்டரை நிறுத்திவிட்டுப் புறப்படுகிறார். வீட்டிலேயே இருப்பவர் எப்படி நிறுத்துவார்?

இனி, குளிர் கடுமையானால் பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கை. கோல்ட் வெதர் பேமென்ட் என்பது, வீட்டின் அஞ்சற்குறியீட்டுக்கென்று குறிக்கப்பட்ட வானிலை நிலையத்தில், நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரையிலான காலத்தில், தொடர்ந்து ஏழு நாட்களின் சராசரி வெப்பநிலை பூஜ்யம் டிகிரியாகவோ அதற்குக் கீழாகவோ பதிவானால், அல்லது அவ்வாறு ஆகும் என்று முன்னறிவிக்கப்பட்டால், ஏழு நாளுக்கு 25 பவுண்ட் தரும் ஏற்பாடு. மாதம் முழுவதும் மூன்று டிகிரியிலேயே நின்று, ஈரம் சுவரில் ஏறி எலும்பைக் குடையும் குளிருக்கு இதில் ஒன்றும் கிடையாது. ஊனத்துக்காக வருமானத்தைப் பாராமல் அளிக்கப்படும் பிப் தொகையை மட்டும் பெறுவோருக்கும் இல்லை. யூனிவர்சல் கிரெடிட் போன்ற, வருமானம் பார்த்துத் தரும் உதவி ஒன்றும் உடனிருக்க வேண்டும். அவ்வுதவி பெறுவோரிலும் வேலை செய்ய இயலாத உடல்நிலை, சிறு குழந்தை முதலிய கூடுதல் நிபந்தனைகள் பலருக்கு உண்டு. ஊனமுற்ற குழந்தைக்கான கூடுதல் தொகை யூனிவர்சல் கிரெடிட்டில் சேர்ந்திருந்தால், பெற்றோர் வேலை பார்த்தாலும் உரிமை உண்டு என்பது பலர் கவனிக்கத் தவறும் விஷயம்.

வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் 150 பவுண்ட். கையில் வருவதன்று, மின்சார பில்லில் கழிக்கப்படுவது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கும் பிப் மட்டும் போதாது.

இவற்றை வாங்கினால் மற்ற உதவிகள் குறைந்துவிடும் என்ற அச்சமும் சிலரைப் பீடிக்கிறது. கோல்ட் வெதர் பேமென்டால் வேறெந்த உதவியும் குறையாது. அஞ்சி ஒதுங்குவது வீண் கஷ்டம்.

ஊனத்தையே அளவுகோலாகக் கொள்வது சாத்தியமில்லை என்று சொல்வோருக்கு ஸ்காட்லாந்து பதில் சொல்லிவிட்டது. 2020 முதல் அங்கே, மிகுந்த பராமரிப்பு வேண்டும் ஊனமுற்ற சிறார்களுக்கு, 200 பவுண்டில் தொடங்கிய குளிர்காலத் தொகை ஒன்று, குடும்ப வருமானத்தைக் கேளாமல் ஆண்டுதோறும் அளிக்கப்படுகிறது. கோல்ட் வெதர் பேமென்டுக்குப் பதிலாகவும், 2023 முதல், வெப்பநிலை எதுவானாலும் நிச்சயமாக வரும் ஒரு தொகையை அங்கே ஏற்படுத்தினார்கள்.

இங்கிலாந்திலும் வருமானத்தைக் கேளாத வழிகள் சில உண்டு. வீட்டில் ஆக்ஸிஜன் இயந்திரம் வைத்திருப்பவர், அது குடிக்கும் மின்சாரத்தின் செலவை, இயந்திரம் அளிக்கும் நிறுவனத்திடமிருந்தே திரும்பப் பெறலாம். மின்சார நிறுவனத்தின் முன்னுரிமைப் பதிவேட்டில் கட்டணமின்றிப் பெயர் சேர்த்துவிட்டால், திட்டமிட்ட மின்தடை வரும் நாளை முன்கூட்டியே அறிவிப்பார்கள். குளிர் தொடங்குவதற்குள் ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் காரியம் அது.