இரட்டைப் படமும் கைப்பேசியும்

சலசல, கலகல முதலியவற்றை இரட்டைக்கிளவி என்பர் இலக்கண நூலார். அவை இரட்டித்து நிற்கையிலேயே பொருள் தரும்; பிரித்தால் தாரா. ஒளிப்படத்திலும் அத்தகையதோர் இணை உண்டு. அதுவே ஸ்டீரியோஸ்கோப் படம்.

நம் கண்கள் இரண்டும் ஏறத்தாழ 6.5 செ.மீ. இடைவெளியில் அமைந்தவை. ஆதலின் ஒவ்வொரு கண்ணும் ஒரே பொருளைச் சற்றே வேறு கோணத்தில் காண்கிறது. அவ்வேறுபாட்டைக் கொண்டு மூளை அண்மை சேய்மையை உணர்கிறது. இவ்வுண்மையை 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கினார். பின்னர், இரு கோணங்களில் எடுத்த படங்களை ஓர் அட்டையில் அருகருகே ஒட்டி, வில்லைகளின் வழியே காணும் வழக்கம் உலகெங்கும் பரவிற்று.

நமக்கு அண்மையிலுள்ள மதுரையும் இதற்கு விலக்கன்று. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக விளங்கிய லின்னேயஸ் டிரைப், மதுரையின் இரட்டைப் படங்களைத் தனித் தொகுதியாகவே 1858இல் வெளியிட்டார்.

இத்தகைய படங்களைக் காண இன்று பழைய கருவி வேண்டுவதில்லை. அட்டை முழுவதையும் கைப்பேசியிற் படமெடுத்து, இரு பாதிகளும் திரையில் அருகருகே அமையுமாறு கிடையாகப் பிடித்தல் வேண்டும். இரு குவிவில்லைகள் பொருத்திய அட்டைப்பெட்டியின் வழியே நோக்கின் காட்சி ஆழம் பெற்று எழும். கூகுள் 2014இல் அறிமுகப்படுத்திய அட்டைக் காட்டி இவ்வகையினதே. இரு படங்களிலும் ஒத்த புள்ளிகளின் இடைவெளி கண்களின் இடைவெளியை மிகுதியும் விஞ்சலாகாது. இடப்படம் இடக்கண்ணுக்கே உரியது. மாறினால் அண்மையும் சேய்மையும் தலைகீழாகும்.

மாணவர் தாமே இவ்விணையைப் படைக்கவும் இயலும். ஒரு படமெடுத்தபின், கைப்பேசியை 6.5 செ.மீ. வலப்புறம் நகர்த்தி மற்றொன்று எடுக்க. திருச்சுழிக் கரிசல்வெளியை மட்டும் எடுப்பின் ஆழம் தோன்றாது. சேய்மைப் பொருளில் கோண வேறுபாடு மிகக் குறைவு. இரண்டு மூன்று மீட்டர் தொலைவில் ஒரு பனைமரம் நின்றால் வெளி முழுவதும் விரியும். அசையும் பொருள் இதற்கு ஆகாது. அருப்புக்கோட்டையின் ஓய்ந்து நிற்கும் கைத்தறியும், வழக்கொழிந்த கமலைக் கிணறும் ஏற்றவை. அவை மறையுமுன் எடுத்து வைத்தல் நம் கடமையாகும்.

வீட்டுப் பெட்டிகளில் ஒரே காட்சி இருமுறை ஒட்டிய பழைய அட்டை காணப்படின், ஒன்று மிகையெனக் கருதி வெட்டிவிடுதல் கூடாது. ஆழம் இடப்படத்திலும் இல்லை, வலப்படத்திலும் இல்லை, இரண்டன் வேறுபாட்டிலேயே உள்ளது. இணை பிரியாது காப்போமாக.